விட்ட இடத்தில் நிற்கும்

கம்ப்யூட்டர் திரை இறங்கியிருக்கிறது. நான் இழுக்கவேயில்லை. காப்பி டம்ளரை ஜன்னலோரம் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல ரெண்டு கையையும் மேலே தூக்கியவள், பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லாமல் அப்படியே இருக்கிறேன். யாராவது பார்த்தால் இவளுக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைப்பார்கள். தினமும் காலையில் இந்தத் திரையோடு எனக்கு ஒரு மல்லுக்கட்டு. மேசை ஓரத்தைக் கவ்விக்கொண்டு நிற்கிற மானிட்டர் ஆர்ம் என்கிற இரும்புக் கையின் நுனியில் அது தொங்குகிறது. ராத்திரி ஷிப்டு பார்க்கிற என் வீட்டுக்காரர் மயில்சாமி, ஆறடி மனுசன், தன் கண்ணுக்கு நேராக ஏற்றி வைத்து வேலை பார்த்துவிட்டு விடியக்காலை போய்ப் படுத்துவிடுவார். பகல் ஷிப்டு பார்க்கிற பூங்கோதையாகிய நான், பள்ளிக்கூடத்துப் பிரேயரில் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் முதல் வரிசையில் நிறுத்தப்பட்டவள், அதை மூச்சைப் பிடித்து இழுத்து என் கண்ணுக்குக் கொண்டுவந்தால்தான் என் பொழுது தொடங்கும். ஒரே மேசை, ஒரே திரை, ரெண்டு உத்தியோகம். போகும்போது இறக்கி வச்சுட்டுப் போனா என்ன, கையா தேஞ்சு போயிரும் என்று எத்தனையோ நாள் மனசுக்குள் கேட்டிருக்கிறேன். வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டு வாங்குகிற சமாச்சாரமா இது? அவராகத் தோன்ற வேண்டாமா? அது இன்றைக்குத் தோன்றியிருக்கிறது. அட சாமி, மயில்சாமிக்குத் தோன்றிவிட்டது! சிரிப்பு வருகிறது. கல்யாணமான புதுசில் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்து அதை ஹெல்மெட்டுக்குள்ளேயே மறந்து வைத்த மனுசன் இவர். அவருக்குத் தோன்றியிருக்கிறது. தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன். சத்தம் வராமல்தான், உள்ளே தூங்குகிறாரே.

இந்த இரும்புக் கையை வாங்கச் சொன்னதே என் பொடனிதான். பொடனி நரம்பு பிடித்துக்கொண்டு தலையைத் திருப்ப முடியாமல், யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்பிக்கொண்டு திரிந்தேன். பிசியோதெரபிக்காரப் புள்ளை என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அக்கா, நீங்க பாக்கற திரையோட மேல் விளிம்பு உங்க கண்ணுக்கு நேரா இருக்கணும், கூடக் கொறைய இருந்தா இப்படித்தான் என்றாள். எங்கள் மேசையோ ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மேசை. சரவணம்பட்டியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இதைவிடப் பெரிசாக எதைப் போடுவது? திரையின் பழைய ஸ்டாண்டே பாதி மேசையைத் தின்றுவிட்டிருந்தது. கையை வாங்கி மாட்டிவிட்டால் திரை காற்றில் நிற்கும், மேசை காலியாகிவிடும், ஏற்றலாம் இறக்கலாம் திருப்பலாம், உனக்கும் ஆச்சு எனக்கும் ஆச்சு, இடம் மிச்சம் என்றார் மயில்சாமி. வீடியோவைப் பார்த்துப் பார்த்து அவரே மாட்டினார். உள்ளே ஸ்பிரிங் இருக்குமாம், திரையின் கனத்துக்குத் தக்கபடி முறுக்கி வைக்க வேண்டுமாம். திரையை மாட்டுவதற்கு முன்னாலேயே கையைக் கீழே அழுத்திப் பார்த்துவிட்டு விட்டார் பாருங்கள், கனமே இல்லாத கை சடாரென்று எழும்பி வந்து அவர் தாடையில் ஒரு அறை. ஐயோ என்றுதான் ஓடினேன். ஓடினவள் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். தாடையைப் பிடித்துக்கொண்டு அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர வர, மூச்சு வாங்க வாங்க, மேல்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து என்னாச்சு கோதை என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தோம். அப்புறம் திரையை மாட்டி, எல்-சாவியால் திருகி, மேலே தள்ளி, கீழே தள்ளி, கையை எடுத்துவிட்டு, பாரு கோதை, விட்ட இடத்துல நிக்கும் என்று காட்டினார். நின்றது. யோசித்துப் பார்த்தால் ரெண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் கடைசி. அதற்கு அடுத்த மாதமே அவருக்கு ராத்திரி ஷிப்டு வந்துவிட்டது. சண்டையா என்றால் சண்டை எதுவும் இல்லை. சண்டை போடவாவது ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே. விடியக்காலை நான் எழுந்து வெளியே வருகிறபோது அவர் உள்ளே வருவார். கதவு நிலையில் ஒருத்தருக்கு ஒருத்தர் வழி விடுவோம். நெம்ப வேலைங்களா என்பேன். நெம்ப என்பார். நான் படுத்திருந்த சூட்டிலேயே அவர் படுத்துக்கொள்வார். பஸ்ஸில் எழுந்து கொடுக்கிற சீட் மாதிரி. இடம் மிச்சமாகி மேசை காலியாகத்தான் கிடக்கிறது. மிச்சமான இடத்தில் நாங்கள் ஒன்றும் வைக்கவில்லை.

ஒன்று மட்டும் உண்டு. சொன்னால் கிறுக்கு என்பார்கள். காலையில் இழுப்பதற்கு முன்னால் ஒரு நிமிசம் அண்ணாந்து பார்ப்பேன். மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக என்றால், அவர் கண் அங்கேதானே இருந்திருக்கும், அந்த உயரத்தில்தானே ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டு இருந்திருக்கும்? மனுசனை முழுசாகப் பார்க்கக் கிடைக்காதவளுக்கு அதுவாவது கிடைக்கிறதே என்று பார்ப்பேன். அப்புறம் இழுப்பேன். திட்டிக்கொண்டேதான் இழுப்பேன். அது வேற.

ஹெட்செட்டில் பிரிசில்லா பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். எங்கள் டீம் லீடு. எல்லோரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம் என்பதால் காலையிலும் நடுநடுவிலும் வகுப்பெடுக்கிற டீச்சர் மாதிரி பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆள் இருக்கிறதா என்று பார்ப்பாள். கோதை, இருக்கீங்களா? இருக்கேன் என்றேன். சரி, வேலையைப் பாருங்க என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். மைக்கை மியூட்டில் போட்டேன். நாளெல்லாம் நான் பேசுகிற பேச்சு பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். மற்றபடி கூரைகள். எந்த ஊர் என்று சொல்லாமல் எங்கேயோ ஒரு நாட்டை வானத்திலிருந்து படமெடுத்து அனுப்புவார்கள், நான் ஒவ்வொரு வீட்டுக் கூரையையும் சுற்றிக் கோடு இழுத்து மூட வேண்டும். சிவப்புக் கூரை, சாம்பல் கூரை, ஒரு மூலை உடைந்த கூரை. துணி காயப்போட்டிருப்பது தெரியும். ஆள் தெரியாது. ஆயிரம் வீட்டுக்கு மேலே பறந்தாயிற்று, ஒரு வீட்டிலும் இறங்கினதில்லை. முதல் கூரைக்குக் கோடு போடுவதற்காக மூக்குக்கண்ணாடியைத் துடைக்கலாம் என்று கையை நீட்டினேன். மஞ்சள் துணி திரையின் வலது மூலையில் தொங்கிக்கொண்டு இருக்கிறது. எடுத்தேன், துடைத்தேன், போட்டுக்கொண்டேன். கோடு பாதியில் நின்றுவிட்டது.

மூலையில் எப்படித் தொங்கும்? நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்ததும் நான்தான் அங்கே மாட்டினேன், எப்போதும் மாட்டுவதுதான். ஆனால் காலையில் அது அங்கே இருக்காது. அவர் ஏற்றும்போது மூலையைப் பிடித்துத்தான் தள்ளுவார், துணி கீழே விழுந்து கீபோர்டு மேலேயோ மேசைக்குப் பின்னாலேயோ கிடக்கும், நான் குனிந்து பொறுக்குவேன், அதற்கும் ஒரு திட்டு விழும். இன்றைக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மாட்டின அதே மாதிரி, கறை இருக்கிற பக்கம் உள்ளே மடிந்து. சரி, ஏற்றியிருப்பார், விழுந்திருக்கும், இறக்கும்போது எடுத்து மறுபடி மாட்டியிருப்பார். மாட்டுகிற ஆளா? துவைத்த துணியை எடுத்துக் கொடியில் போடச் சொன்னால் கொடியோடு கழற்றிக்கொண்டு வருகிற ஆள். கறையை உள்ளே மடித்து மாட்டியிருப்பாராக்கும்! அப்படியென்றால் யாரும் ஏற்றவில்லை. ஏற்றாததால் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான் விசயம். நான் நேற்று எப்படி விட்டுப் போனேனோ அப்படியே, விட்ட இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. நேற்று ராத்திரி அவர் இங்கே உட்காரவேயில்லை. விடியக்காலை கதவு நிலையில் நெம்ப வேலைங்களா என்று கேட்டேன். நெம்ப என்றார்.

போச்சாது போ, பரவாயில்லை, ஒரு நாள் கட்டிலிலேயே லேப்டாப்பை வைத்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன், ஆனால் கட்டிலில் நானல்லவா படுத்திருந்தேன்? தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பார். அப்படியே இருக்கட்டும். இருக்கட்டும் என்று ஒரு சிவப்புக் கூரையை முடித்தேன். அடுத்த கூரைக்குப் போவதற்குள் வேறொன்று வந்து கொக்கி போடுகிறது. திரைக்குப் பின்னால் ஒரு குட்டிப் பொத்தான் உண்டு. அவர் லேப்டாப்புக்கு ஒரு கேபிள், என்னுடையதற்கு ஒரு கேபிள். ராத்திரி அவர் தன் பக்கம் மாற்றிக்கொள்வார், காலையில் நான் பின்னால் தடவித் தடவி அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்து என் பக்கம் மாற்ற வேண்டும். அதை நான் அழுத்தி எத்தனை நாளாயிற்று? கொஞ்ச நாளாகவே அழுத்தவில்லை. சொருகியதும் படம் தானாக வருகிறது. பரவாயில்லையே, திரைக்குப் புத்தி வந்துவிட்டதே என்று ஒரு காலையில் மெச்சிக்கொண்டது ஞாபகம் வருகிறது. திரைக்கு எங்கிருந்து புத்தி வரும்? ராத்திரியில் யாரும் மாற்றாததால் அது என் பக்கமே இருந்திருக்கிறது. காப்பி டம்ளரும் இல்லை. அடியில் சர்க்கரை ஒட்டிக் காய்ந்துபோன டம்ளர் ஒன்று தினமும் இங்கே கிடக்கும், அதுவும் கொஞ்ச நாளாக இல்லை, மனுசன் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். குரலும் இல்லை. முன்பெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் ஹலோ, திஸ் ஈஸ் மைக் என்று இவர் வெள்ளைக்காரர்களோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவேன். மயில்சாமி வாயில் நுழையாமல் மைக் ஆக்கிவிட்டார்கள். என்னிடம் பேசாத குரல்தான், ஆனாலும் வீட்டுக்குள் ஒரு குரல். சத்தத்தையே காணோமே என்றதற்கு, இப்பெல்லாம் சாட்லதான், யாரும் போன்ல பேசறதில்ல என்றார். கதவுக்குப் பின்னால் தொங்குகிற கறுப்பு லேப்டாப் பையைக் காணோமே என்றதற்கு, ஆபீஸ்ல மாத்தித் தர்றாங்க என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது. ஒவ்வொன்றையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஏன் வாங்கி வைத்துக்கொண்டேன் என்றால், காலையில் வந்தால் திரை மேலே இருந்தது. ராத்திரி ஒரு ஆள் இங்கே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறான் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

வேலை போய்விட்டது. சொல்லிவிட்டேன், மனசுக்குள்தான். வேலை போய்விட்டது, சொல்லவில்லை, சொல்லாமல் ராத்திரி ராத்திரி எழுந்துபோய்த் திரையை மட்டும் ஏற்றி வைத்திருக்கிறார். எனக்காக. நான் பார்ப்பதற்காக. கரண்டு கூடப் போடாமல், கறுப்பாக இருக்கிற திரையை மூலையைப் பிடித்துத் தன் கண்ணுக்கு நேராகத் தள்ளி, துணி விழ, அப்புறம் என்ன செய்திருப்பார்? விடிகிறவரைக்கும் எங்கே இருந்திருப்பார்? இந்த நாற்காலியிலா? பால்கனியிலா? இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு மரக்கதவு. நான் பாட்டுக்குக் குறட்டை விட்டிருப்பேன். பாவி மனுசா, தட்டி எழுப்பியிருக்கக் கூடாதா? என்னை என்னவென்று நினைத்தாய், குதித்துவிடுவேன் என்றா, ஊரெல்லாம் ஒப்பாரி வைப்பேன் என்றா? கோபம் வருகிறது. கோபத்துக்கு அடியில் பயம்தான் இருக்கிறது. இதை இவ்வளவு நாள் சுமந்த மனுசன் இன்னும் எதையெல்லாம் சுமக்கிறாரோ. இதைச் சொல்லாமல் இருக்க முடிந்தவரால் ஒரு நாள் சொல்லாமல் எழுந்து போய்விடவும் முடியுமே. நேற்று ஏன் ஏற்றவில்லை? மறந்துவிட்டாரா, இனி எதற்கு என்று விட்டுவிட்டாரா? மறதி என்றால் பரவாயில்லை. விட்டுவிட்டார் என்றால்? எழுந்துபோய்க் கதவில் காதை வைக்கிறேன். ஃபேன் சத்தம். ஃபேன் சத்தத்துக்குள் மூச்சுச் சத்தத்தைத் தேடுகிறேன். கட்டில் ஒரு முறை முனகுகிறது. இருக்கிறார், புரண்டு படுக்கிறார், தூங்கவில்லை. திறக்கலாம். திறந்து என்ன கேட்பது? வேலை இருக்குங்களா என்றா? கேட்டால் இருக்கு என்பார், அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார், நான் மறுபடி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கேட்காவிட்டால் இன்றைக்கு ராத்திரி அவர் மறுபடி ஏற்றுவார், காலையில் நான் மறுபடி இழுப்பேன், ரெண்டு பேரும் கிழடாகிச் சாகும்வரைக்கும் ஒரு வெறும் திரையை ஏற்றி இறக்கிக்கொண்டு இருப்போம். திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒரு கூரையை ரெண்டு முறை சுற்றி வந்திருக்கிறேன். அழித்தேன்.

கதவு திறக்கிறது. லுங்கியும் கசங்கின பனியனுமாக வருகிறார். ஃபிரிட்ஜ் என் தோளுக்குப் பக்கத்தில்தான், தண்ணீர் வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும். பாட்டிலை எடுத்தார், கதவைச் சாத்த மறந்து அப்படியே நின்றார். குளிர் என் கையில் படுகிறது. அவர் கண் எங்கே இருக்கிறது என்று திரும்பாமலே எனக்குத் தெரிகிறது.

"தூங்கலைங்களா?" என்றேன்.

"தாகமா இருந்துச்சு." ஒரு வாய் குடித்தார். ஃபிரிட்ஜைச் சாத்தினார். "திரையை நாந்தான் எறக்கி வெச்சேன், கோதை. தெனமும் காலைல நீ மல்லுக்கட்டறயல்ல. செரி, எறக்கி வெச்சுட்டே போலாம்னு."

மூன்று வருசமாக நான் காத்துக்கொண்டிருந்த பேச்சு. ஒரு சொல் கூட மாறவில்லை, நான் மனசுக்குள் அவருக்கு எழுதிக் கொடுத்த மாதிரியே வருகிறது. இப்படியா வர வேண்டும்? பொய்யாகவா? ஆனால் மல்லுக்கட்டுவது இவருக்கு எப்படித் தெரியும்? கதவு சாத்தியிருக்கும், இவர் தூங்கிக்கொண்டிருப்பார். தெரிந்திருக்கிறது. படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார், தினமும், நான் திட்டிக்கொண்டே இழுப்பதை. அந்த ஒன்று மட்டும் பொய் இல்லை.

"நெம்ப சந்தோசங்க" என்றேன். அதுவும் பொய் இல்லை.

அவர் தோள் இறங்கியது. நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. பாட்டிலோடு அறைக்குள் போகத் திரும்பினவர், நல்ல யோசனை கிடைத்தவர் போல நின்று, "இனி தெனமும் எறக்கியே வெச்சர்றேன்" என்றார்.

எறக்கியே வைத்துவிடுவாராம். இனி ஏற்றுகிற வேலையும் மிச்சம். நாளையிலிருந்து நான் வந்தால் திரை என் கண்ணுக்கு நேராகவே இருக்கும், தேங்க்ஸ் சொல்லிவிட்டு வேலை பார்ப்பேன், ராத்திரி இவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்துகொள்ள ஒன்றுமே இருக்காது. அண்ணாந்து பார்க்கவும் இருக்காது. இருக்கிற ஒன்றும் போய்விடும். உள்ளே போகிறார். ரெண்டு எட்டில் கதவு. இப்போது விட்டால் விட்டதுதான்.

"வேண்டாங்க."

நின்றார்.

"நீங்க ஏத்தியே வைங்க. வேலை இருக்குதோ இல்லையோ, உங்க கண்ணுக்கு நேரா ஏத்தி வைங்க. நான் வந்து எறக்கிக்கறேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முதுகுதான் தெரிகிறது, பனியனில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு கிழிசல், அதைக்கூட நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பாட்டிலுக்குள் தண்ணீர் ஆடுவது தெரிகிறது.

"எப்பத் தெரியும்?" என்றார் திரும்பாமல்.

"இப்பத்தானுங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தார். ஃபிரிட்ஜ் மூலையில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலியைக் காலால் இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பாட்டிலை மேசையில் வைத்தார், காலியாகக் கிடந்த அந்த இடத்தில். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். முகம் இப்படி ஆகியிருக்கிறதா? எப்போதிருந்து தாடியில் இவ்வளவு நரை?

காதுக்குள் பிரிசில்லா மறுபடி பெயர் கூப்பிடுகிறாள். கோதை, இருக்கீங்களா? கோதை?

"இருக்கேன்" என்றேன். மைக் மியூட்டில் இருந்தது. அவருக்கு மட்டும்தான் கேட்டது.